தொங்கும் ரூஃப் லைனிங்: கடையில் கிடைக்கும் தீர்வுகளில் எது நிற்கும், எது மறுபடி தொங்கும்

காரின் கூரைத்துணி தொங்க ஆரம்பித்ததும் எல்லோரும் முதலில் தேடுவது பசையைத்தான். பணமும் நேரமும் வீணாகத் தொடங்குவதும் அங்கேதான். ரூஃப் லைனிங், அதாவது ஹெட்லைனர், மூன்று அடுக்காக இருக்கும். கூரைத் தகட்டை ஒட்டியிருப்பது அச்சில் அழுத்தி வார்த்த போர்டு. கண்ணாடி இழை, அழுத்திய நார், ஃபோம் கலவை என்று காருக்குக் கார் அது மாறும். அடுத்து சுமார் 3 மி.மீ. தடிமனில் பாலியூரித்தேன் ஃபோம். நம் கண்ணுக்குத் தெரிவது அந்த ஃபோமின் முகத்தில் இருக்கும் மெல்லிய பின்னல் துணி. துணியும் ஃபோமும் ஆலையிலேயே ஒன்றாக ஒட்டி ஒரே சுருளாக வருகின்றன. கார் தயாரிப்பாளர் போர்டில் ஒட்டுவது ஃபோமின் முதுகைத்தான்.

வருடக்கணக்கான சூடும் காற்றின் ஈரமும் சேர்ந்து உளுத்துப்போக வைப்பது நடுவில் இருக்கும் இந்த ஃபோமை. பசை அப்படியே இருக்கும். துணி தொங்கும் ஓரத்தில் ஒரு விரலை உள்ளே விட்டுத் தடவி எடுத்துப் பாருங்கள். மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த தூள், கொஞ்சம் பிசுபிசுப்போடு, விரல் ரேகையில் அப்பிக்கொள்ளும். போர்டைத் தடவினாலும் அதே தூள், துணியின் முதுகைத் தடவினாலும் அதே தூள். ஃபோம் நடுவில் பிளந்து பாதி மேலேயும் பாதி கீழேயும் நிற்கிறது என்று அர்த்தம். இதற்கு மேல் எந்தப் பசையை அடித்தாலும் அது தூளோடு ஒட்டுமே தவிர போர்டோடு ஒட்டாது.

கீழே சொல்லும் எல்லாப் பொருளையும் இந்த ஒன்றை வைத்துத்தான் எடை போட வேண்டும். செத்துப்போன ஃபோமை அப்படியே வைத்துக்கொண்டு வேலை செய்யும் பொருளா, அதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடும் பொருளா?

முதலில் திருகு ஊசிகள். ஸ்பிரிங் போல முறுக்கிய சிறு கம்பி, அதன் தலையில் தெளிந்த பிளாஸ்டிக் வட்டு. துணி வழியாகப் போர்டுக்குள் திருகினால் துணி மேலே நிற்கும். தற்காலிகத் தீர்வு என்ற அளவில் இதைத் தாராளமாக வாங்கலாம். பின்கண்ணாடியை மறைத்து ஓட்டுநரின் தலையைத் தொடும் துணியை பத்து நிமிடத்தில் தூக்கி நிறுத்திவிடும். கழற்றும்போது ஓட்டை பெரிதாகத் தெரியாது. ஒரு கைப்பரப்புக்கு ஒன்று என்ற இடைவெளியில், நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் போட்டால் மெத்தை தைத்தது போலச் சீராக இருக்கும். இரண்டு இடங்களில் மட்டும் கூடவே கூடாது. ஒன்று, கதவுகளுக்கு மேலே கூரை விளிம்பு ஓடும் பகுதி, பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள கார்களில். அந்த ஏர்பேக் லைனிங்கின் ஓரத்தைக் கீழே தள்ளிக்கொண்டுதான் விரியும். அதன் வழியில் கூரான கம்பி எதுவும் இருக்கக் கூடாது. இரண்டாவது, சன்ரூஃபைச் சுற்றியும் உள்விளக்கைச் சுற்றியும். அங்கே போர்டுக்குப் பின்னால் வயரும் தண்ணீர்க் குழாயும் ஓடுகின்றன. ஊசி எத்தனை மாதம் தாங்கும் என்றால், ஃபோம் மேலும் உதிர உதிர ஊசிகளுக்கு நடுவே துணி தொப்பை போடும். அதுவரைதான்.

துணியில் ஊசி குத்தி உள்ளே பசை செலுத்தும் குப்பிகளும் கிடைக்கின்றன. இவற்றை வாங்க வேண்டாம். பசை தூளில் ஊறி, பின்னல் துணி வழியாகக் கசிந்து, காய்ந்ததும் கருத்த வட்டமாக நிற்கும். அந்தக் கறையை எடுக்க வழியே இல்லை. நீராவி காட்டினால் பழைய பசை உருகி மறுபடி பிடிக்கும் என்ற யோசனையும் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஃபோம் நன்றாக இருந்து விளிம்பு மட்டும் பெயர்ந்த புதுக் காரில் சில நாள் பலன் தெரியலாம். உளுத்த ஃபோமுக்கு ஈரமும் சூடும்தான் எதிரி. இரண்டையும் ஒரே சமயத்தில் காட்டினால் இதுவரை பிடித்திருந்த இடமும் விடும்.

பல்நோக்கு ஸ்ப்ரே பசைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் லைனிங் வேலை பெரும்பாலும் தோற்பது இவற்றால்தான். காகிதம், அட்டை, லேசான துணி எல்லாவற்றுக்கும் ஏற்றது என்று குப்பியில் போட்டிருக்கும். ஒட்டும்போது அருமையாகப் பிடிக்கும். வேலை முடிந்த அன்றைக்கு எந்தக் குறையும் தெரியாது. ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் காற்றே 60 டிகிரியை நெருங்கக்கூடும். கூரைத் தகடு அதைவிடச் சுடும். அதற்கு நேர் கீழே இருப்பது இந்த லைனிங். அந்தச் சூட்டில் சாதாரண ஸ்ப்ரே பசை இளகிவிடும், துணியின் எடை மெதுவாக அதைக் கீழே இழுத்துவிடும். முதல் கோடைக்குள் குமிழ் குமிழாக எழும். குப்பியின் மேல் ஹெட்லைனர் என்ற சொல்லும், குறைந்தது 70 டிகிரி தாங்கும் என்ற குறிப்பும் இல்லாவிட்டால் அந்தப் பசை இந்த வேலைக்கு இல்லை.

இதற்கென்றே உள்ளவற்றில் இரண்டு வகை உண்டு. குப்பியில் வரும் ஸ்ப்ரேக்களில் த்ரீஎம் நிறுவனத்தின் ஹெட்லைனர் அண்ட் ஃபேப்ரிக் அடெசிவ், 38808 என்ற எண்ணில் வருவது, இந்த ஃபோம் துணிக்காகவே செய்யப்பட்டது. காற்றழுத்தும் கம்ப்ரஸர், ஸ்ப்ரே கன் எதுவும் தேவையில்லை. ஒரு காருக்கு மட்டும் செய்பவருக்கு இதுவே போதும். பெயர்ப் பொருத்தம் முக்கியம்: அதே நிறுவனத்தின் பல்நோக்குக் குப்பிகள் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும், தோற்றமும் ஏறக்குறைய ஒன்றுதான். எண்ணைப் பார்த்து எடுங்கள். போர்டிலும் துணியிலும் இரண்டு பக்கமும் அடிக்க வேண்டியிருப்பதால் சிறிய காருக்கே இரண்டு பெரிய குப்பி வேண்டும். மூன்று வரிசை இருக்கை உள்ள நீள வண்டிக்கு மூன்று. ஒரு குப்பியில் முடித்துவிடலாம் என்று கடைசிப் பகுதியில் மெல்லியதாக அடிப்பவர்களுக்கு அந்தப் பகுதிதான் முதலில் விடும். அது பெரும்பாலும் பின்கண்ணாடிக்கு மேலே, வெயில் நேராக விழும் இடமாக இருக்கும்.

இன்னொரு வகை டின்னில் வரும் கான்டாக்ட் சிமெண்ட், அதாவது இரண்டு பக்கமும் அடித்துப் பதம் வந்ததும் ஒட்டும் பசை. மெத்தை வேலைக்காரர்கள் நம்பிப் பயன்படுத்துவது டாப் நிறுவனத்தின் வெல்ட்வுட் லாண்டவ் டாப் அண்ட் ட்ரிம். உயர் சூட்டைத் தாங்கும் வகை. ஸ்ப்ரே கன்னில் ஊற்றி அடிக்க வேண்டும். பிடிப்பில் குப்பி ஸ்ப்ரேயை விட ஒரு படி மேல் என்பது என் கணிப்பு. அடிக்கும் அளவு சீராக இருக்கும், கடைசி நிமிடத்தில் காற்று குறைந்து துப்பும் தொல்லையும் இல்லை. குறை என்னவென்றால் கன்னும் கம்ப்ரஸரும் வேண்டும், வேலை முடிந்த உடனே கன்னைக் கரைப்பானில் கழுவாவிட்டால் கன் போச்சு. உருளையிலோ தூரிகையிலோ தடவலாமே என்று தோன்றும். போர்டில் தடவலாம், ஃபோமில் வேண்டாம். தூரிகை விட்டுச் செல்லும் தடித்த கோடுகள் துணியின் முகத்தில் வரியாகத் தெரியும். இரண்டு வகையிலும் எளிதில் தீப்பற்றும் கரைப்பான் இருக்கிறது. திறந்த வெளியில், அடுப்போ ஹீட்டரோ பக்கத்தில் இல்லாத இடத்தில்தான் அடிக்க வேண்டும்.

இனி துணி. ஃபோம் ஒட்டிய பின்னல் துணி பொதுவாக 60 அங்குல அகலச் சுருளில், அதாவது சுமார் 150 செ.மீ.யில் வரும். போர்டை வெளியே எடுத்த பிறகுதான் அளக்க வேண்டும். காருக்குள் நாடாவைப் பிடித்து அளந்தால் வளைவுகளின் ஆழம் கணக்கில் வராது. நாடாவை ஒவ்வொரு குழிக்குள்ளும் அழுத்தி அளந்து, ஒவ்வொரு பக்கமும் 7 முதல் 10 செ.மீ. கூட்டுங்கள். போர்டு 180 செ.மீ. நீளமும் 135 செ.மீ. அகலமும் வந்தால் 2 மீட்டர் துணி போதும்: நீளத்தில் பக்கத்துக்கு 10 செ.மீ., அகலத்தில் பக்கத்துக்கு 7.5 செ.மீ. மிச்சம். தூண் மூடிகளும் (கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள தூண்களை உள்பக்கம் மறைப்பவை) சன் வைசரும் துணி போர்த்தியவை என்றால் இன்னும் ஒரு மீட்டர் சேர்த்து அதே சுருளில் வாங்குங்கள். அடுத்த சுருளில் சாயம் ஒரு சாயல் மாறிவிடும். நிறம் பார்க்க ஒரு தூண் மூடியைக் கழற்றி எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். குழல் விளக்கில் சாம்பலும் பழுப்பும் ஒன்றாகத்தான் தெரியும்.

ஃபோம் இல்லாத வெறும் துணியை மலிவு என்று வாங்குவது பெரிய தவறு. போர்டின் முகம் ஒருபோதும் வழவழப்பாக இருக்காது. பழைய பசைத் திட்டு, சிறு பள்ளம், இழை நீட்டல் எல்லாம் இருக்கும். 3 மி.மீ. ஃபோம்தான் அதையெல்லாம் மூடி மறைக்கிறது. மைக்ரோஃபைபர் சுவேடு, அதாவது மெல்லிய ரோமம் படிந்த செயற்கைத் துணி, பார்க்க மிக அழகு, தொட்டாலும் இதம். ஆனால் அதையும் ஃபோம் ஒட்டியதாகவே வாங்க வேண்டும், நன்றாக இழுபடும் ரகமாகவும் இருக்க வேண்டும். இழுபடாத சுவேடு வைசர் குழியில் இறங்காமல் பாலம் போட்டு நிற்கும். ரோமப் படிவு ஒரே திசையில் போகும்படி தூண் மூடிகளிலும் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று வெளிறியும் ஒன்று கருத்தும் தெரியும். முதல் முறை செய்பவருக்கு என் பரிந்துரை சாதாரணப் பின்னல் துணிதான். சின்னச் சின்னப் பிசகை மன்னித்துவிடும்.

வீட்டுத் திரைத்துணி, சோபாத் துணி போடுபவர்களும் உண்டு. தீ விஷயத்தை அவர்கள் யோசிப்பதில்லை. அமெரிக்காவில் 1972 முதல் நடப்பில் உள்ள எஃப்எம்விஎஸ்எஸ் 302 என்ற விதி, காரின் உட்புறப் பொருள்களில் தீ நிமிடத்துக்கு 102 மி.மீ.க்கு மேல் பரவக் கூடாது என்கிறது. பல நாடுகள் இதையொட்டிய சோதனையையே வைத்திருக்கின்றன. கார் லைனிங் என்று விற்கப்படும் துணி இந்தச் சோதனைக்கு உட்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள். தலைக்கு மேலே இருக்கும் பொருள் அது.

பழைய உதிரிபாகக் கடையில் அதே மாடலின் முழு போர்டு கிடைத்தால் வாங்கலாமா? போர்டு உடைந்திருந்தால் வாங்கலாம், துணிக்காக வாங்க வேண்டாம். அதுவும் அதே வயதுள்ள காரிலிருந்து வந்தது, அதன் ஃபோமும் அதே வெயிலைத்தான் பார்த்திருக்கிறது. கொண்டுவந்து மாட்டிய சில மாதங்களில் அதுவும் தொங்கும். நிறுவனத்தின் புது போர்டு கிடைத்தால் சந்தேகமில்லாமல் அதுவே சிறந்தது. துணி, குழிகள், கிளிப் இடங்கள் எல்லாம் அச்சாகப் பொருந்தும். பழைய மாடல்களுக்குப் பெரும்பாலும் உற்பத்தியே நின்றிருக்கும் என்பதுதான் சிக்கல். கிடைத்தாலும் பெட்டியைத் திறந்து, மடிப்பு விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். போர்டில் ஒரு மடிப்பு விழுந்துவிட்டால் துணி மேல் அந்தக் கோடு கடைசிவரை போகாது.

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில், பழைய மினி போன்ற வண்டிகளில் போர்டே கிடையாது. தைத்த துணி எஃகுக் கம்பிகளில் கோத்துத் தொங்கவிடப்பட்டு ஓரங்களில் ஒட்டப்பட்டிருக்கும். அது முற்றிலும் வேறு தையல் வேலை. இங்கே சொல்லும் ஸ்ப்ரேயும் ஃபோம் துணியும் அதற்கு உதவாது.

நல்ல துணியும் நல்ல பசையும் வாங்கியாயிற்று என்றாலும், பாதி பலனைத் தீர்மானிப்பது கழற்றுவதும் துடைப்பதும்தான். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, வண்டியின் கையேட்டில் ஏர்பேக்குக்குச் சொல்லியிருக்கும் நிமிடங்கள் கழிந்த பிறகே தூண் மூடிகளில் கை வையுங்கள். சன் வைசர், கைப்பிடிகள், உள்விளக்கு, கோட் கொக்கி, கதவின் ரப்பர் பீடிங், தூண் மூடிகள் என்று வரிசையாக எடுக்க வேண்டும். ஏர்பேக் என்று பொறித்த தூண் மூடிகளின் கிளிப் பல கார்களில் ஒருமுறை கழற்றினால் புதிது போட வேண்டிய வகை. முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூரையோடு போர்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்களும் பழசாகி நொறுங்கும். ஐந்தாறு கூடுதலாக இருக்கட்டும். சில கார்களில் நடுவே வெல்க்ரோவோ பசைத் திட்டோ இருக்கும். இழுக்காமல் நீண்ட மெல்லிய பிளேடை நுழைத்து அறுத்து விடுங்கள். இழுத்தால் போர்டு அந்த இடத்தில் ஓட்டையாகும்.

முன் இருக்கைகளை முழுக்கச் சாய்த்து, பின்கதவு தூக்கும் வண்டியானால் அதன் வழியாகவும், இல்லாவிட்டால் ஓட்டுநர் இல்லாத பக்கத்து முன்கதவு வழியாகவும் எடுக்கலாம். இரண்டு பேர் வேண்டும். தனி ஆளாக எடுத்தால் நடுவில் தொய்ந்து போர்டு முறியும், பெரும்பாலும் வைசர் ஓட்டைக்குப் பக்கத்தில்.

போர்டு வெளியே வந்ததும் அதன் முதுகைப் பாருங்கள். பழுப்பு வளையங்கள் இருந்தால் கூரையில் எங்கோ தண்ணீர் இறங்குகிறது. சன்ரூஃப் உள்ள காரில் மூலைகளிலிருந்து இறங்கும் வடிகுழாய்களில் ஒரு குவளை தண்ணீரை மெதுவாக ஊற்றி, அது வண்டிக்கு அடியில் வருகிறதா என்று சோதியுங்கள். கசிவை அடைக்காமல் புதுத் துணி போட்டால் அடுத்த மழையிலேயே கறை திரும்ப வரும்.

பழைய துணியை உரித்ததும் இருக்கிறது உண்மையான வேலை. விறைப்பான நைலான் பிரஷ்ஷால் மிச்ச ஃபோம் முழுவதையும் தேய்த்து எடுக்க வேண்டும். ஒரு மணி நேரம் கண்டிப்பாக ஆகும். இரும்புக் கம்பி பிரஷ் சீக்கிரம் எடுக்கும், கூடவே போர்டின் தோலையும் உரித்துவிடும். தண்ணீரோ கரைப்பானோ போடாதீர்கள், அழுத்திய நார் போர்டு ஊதி நெளிந்துவிடும். முகக்கவசமும் கண்ணாடியும் போட்டு, வெளியில் வைத்துச் செய்யுங்கள். தூளோடு கண்ணாடி இழையும் பறக்கும். வாக்குவம் பிடித்த பிறகு சுத்தமான உள்ளங்கையை போர்டின் நீளத்துக்கு இழுங்கள். கையில் ஆரஞ்சுத் தூள் துளி ஒட்டினாலும் மறுபடி பிரஷ். போர்டோடு இறுகிப்போன பழைய பசைத் திட்டைச் சுரண்ட வேண்டியதில்லை. உதிர்வதுதான் எதிரி. விரிசல்களை எபாக்ஸியில் நனைத்த கண்ணாடி இழை நாடாவால் முதுகுப் பக்கமாக ஒட்டுங்கள். முகப் பக்கம் ஒட்டினால் மேடு தெரியும்.

ஒட்டும் நாளில் காற்று வறண்டு இருக்க வேண்டும். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் அதிகமானால் அந்தக் குளிர்ச்சியில் பசை மேல் பனி பூத்தது போல ஈரம் படியும், பிடிப்பு பாதியாகிவிடும். மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம் இந்த வேலைக்கு ஆகாது.

துணியை போர்டின் மேல் விரித்து நான்கு பக்கமும் மிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முன்பாதியைப் பின்பாதி மேல் மடித்துப் போடுங்கள். இப்போது போர்டின் முன்பாதியும், துணியின் முன்பாதி முதுகும் தெரியும். இரண்டிலும் 20 முதல் 30 செ.மீ. தூரத்திலிருந்து சீராக அடிக்க வேண்டும். போர்டில் குறுக்காக ஒரு முறை, நெடுக்காக ஒரு முறை. ஃபோமில் மெல்லியதாக ஒரே முறை, ஏனென்றால் ஃபோம் பசையைக் குடிக்கும். அதிகமானால் அது துணியின் முகம் வரை ஊறிக் கறையாகும், காய்ந்ததும் அந்த இடம் அட்டை போல விறைக்கும்.

பிறகு காத்திருக்க வேண்டும். குப்பியில் போட்டிருக்கும் நிமிடம் ஒரு வழிகாட்டிதான், முடிவு சொல்வது விரல். விரலின் பின்புறத்தை, நகத்துக்கு மேலே உள்ள கணுவை, பசையில் லேசாகத் தொட்டு எடுங்கள். நூல் நூலாக இழுபட்டால் இன்னும் ஈரம். தொட்டதும் பிடித்து, எடுத்ததும் விரலில் ஒன்றும் இல்லாமல் விட்டால் அதுதான் பதம். பதம் வரும் முன் ஒட்டினால் உள்ளே அடைபட்ட கரைப்பான், கார் முதலில் வெயில் காணும் நாளில் ஆவியாகிக் குமிழாகத் தள்ளும். குமிழ் வந்தது என்று வரும் புகார்களில் பெரும்பகுதிக்கு இந்தப் பொறுமைக் குறைவுதான் காரணம், பசையின் தரம் அல்ல.

பதம் வந்ததும் நடுக்கோட்டிலிருந்து முன்னோக்கி, உள்ளங்கையை வைத்து கொஞ்சம் கொஞ்சமாகத் துணியை இறக்குங்கள். ஒருவர் துணியின் நுனியைத் தூக்கிப் பிடித்திருக்க, மற்றவர் தடவி வர வேண்டும். இழுக்கக் கூடாது. உள்விளக்குக் குழி வரும்போது அவசரம் வேண்டாம். குழிக்கு முந்திய விளிம்பில் நிறுத்தி, விரல் நுனிகளால் துணியைக் குழியின் அடிவரை தள்ளி, அடியில் அழுத்தி, எதிர்ச் சுவரில் ஏற்றி, பிறகுதான் அந்தப் பக்கத்துச் சமதளத்துக்குப் போக வேண்டும். குழியின் மேல் விறைப்பாகப் போர்த்திவிட்டுப் பிறகு உள்ளே அழுத்தினால் அன்றைக்கு இறங்கும், இழுவிசையில் இருக்கும் துணி ஒரு மாதத்தில் மேலே வந்து பாலமாக நிற்கும். சுருக்கம் விழுந்தால் முதல் சில நொடிகளில் மெதுவாகத் தூக்கிவிடலாம். அதற்குமேல் இழுத்தால் ஃபோம் கிழிந்து போர்டிலேயே நின்றுவிடும், துணியில் அம்மைத் தழும்பு போலப் பள்ளம் தெரியும். ரப்பர் உருளையால் அழுத்த வேண்டாம், ஃபோம் நசுங்கிய தடம் போகாது.

பின்பாதிக்கும் இதே முறை. ஏற்கெனவே ஒட்டிய கோட்டில் செய்தித்தாள் விரித்து மறைத்துவிட்டு அடியுங்கள். நடுவில் பசை இரட்டிப்பானால் கூரையின் குறுக்கே ஒரு வரி தெரியும்.

24 மணி நேரம் நிழலில் காயட்டும். அதன் பிறகு ஓரங்களில் 2 செ.மீ. விட்டு முதுகுப் பக்கம் மடித்து ஒட்டலாம். தூண் மூடிக்குள் மறையும் ஓரங்களையும், ஏர்பேக் ஓடும் ஓரத்தையும் மடிக்காமல் போர்டின் விளிம்போடு சமமாக வெட்டிவிடுங்கள். அங்கே தடிமன் கூடக் கூடாது, கூரை விளிம்போடு எதையும் ஒட்டவும் கூடாது. விளக்கின் ஓட்டையை முதுகிலிருந்து பெருக்கல் குறிபோல அறுத்து, இதழ்களைப் பின்னால் மடித்து ஒட்டுங்கள். திருகு ஓட்டைகளுக்குக் கத்தியே வேண்டாம், கூர் ஊசியால் ஒரு குத்து போதும். கத்திக் கீறல் திருகு முறுக்கும்போது ஓடிவிடும்.

திரும்ப ஏற்றும்போது கதவுத் தாழின் கிரீஸ்தான் புதுத் துணிக்கு எமன். தாழை ஒரு துணியால் சுற்றி, கையுறை போட்டுக்கொண்டு ஏற்றுங்கள். முதலில் வைசரையும் விளக்கையும் தளர்வாக மாட்டி போர்டை நிறுத்தி, பிறகு கைப்பிடிகள், கடைசியில் தூண் மூடிகளும் பீடிங்கும். எல்லாம் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகே திருகுகளை இறுக்க வேண்டும்.

கடையில் கொடுத்துச் செய்வது என்று முடிவெடுத்தால் மூன்று கேள்வி கேளுங்கள். போர்டை வெளியே எடுப்பீர்களா? பழைய ஃபோமை முழுக்கத் தேய்ப்பீர்களா? எந்தப் பசை, டின்னைக் காட்ட முடியுமா? காருக்குள் வைத்தே ஒட்டித் தருகிறோம், இரண்டு மணி நேரத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லும் கடையில் வண்டியை விடாதீர்கள். தேய்க்க ஒரு மணி நேரம், காய ஒரு நாள் என்ற கணக்கில் அந்த இரண்டு மணி நேரம் எங்கேயும் பொருந்தவில்லை. திரை ஏர்பேக் உள்ள காரானால், தூண் மூடிக் கிளிப்களை மாற்றுவீர்களா என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். தயங்காமல் பதில் சொல்பவர் வேலை தெரிந்தவர்.

முதல் வாரம் கண்ணாடிகளை ஒரு விரல் இறக்கி வையுங்கள், கரைப்பான் வாடை போய்விடும். சுத்தம் செய்யும்போது நுரையைத் துணியில் எடுத்து லேசாக ஒற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கூரையில் நேராகத் தெளிக்க வேண்டாம். மிச்சத் துணியை மடிக்காமல் சுருட்டி வையுங்கள். வைசரின் துணி அடுத்த வருடம் கிழியும்போது அதே சாயலில் துணி வெளியே கிடைக்காது.